முதலாம் இடத்தை யார் குடுக்கிறது?

(எங்கள் மாதாந்தச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



"உங்களுக்கு ஆகப் பிடிச்ச பத்து இசை அல்பங்களை வரிசைப்படுத்துங்கோ" என்று யாராவது கேட்டால், எங்கட வட்டத்தில் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று: "அதெல்லாம் அவரவர் விருப்பம், இதிலை கதைக்க என்ன இருக்கு?" மற்றது: "ரசனையே வர்க்கத்தாலை தீர்மானிக்கப்படுறது, பட்டியல் போடுறது சந்தையின்ரை வேலை." முதலாவதைச் சொல்லுகிறவர் பெருந்தன்மையாகச் சொல்லுகிறார். இரண்டாவதைச் சொல்லுகிறவர் கொள்கையோடு சொல்லுகிறார். ஆனால் இரண்டு பதிலும் ஒரே வேலையைத்தான் செய்யுது. கதையை அந்த இடத்திலேயே முடிச்சு வைக்குது.

நான் இன்றைக்குச் சொல்ல வருவது இதுதான். ரசனை தனிப்பட்டது. அது சமூகத்தால் உருவாக்கப்பட்டதும்தான். இரண்டும் உண்மையாக இருக்கிறபடியால்தான் அதைப்பற்றி வாதாடலாம், வாதாடவும் வேணும். நாங்கள் வாதாடாமல் விட்ட இடத்தை இப்ப வேறை ஆக்கள் நிரப்பிக்கொண்டிருக்கினம். அவையள் ஆர் எண்டதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

எண்ணிக்கை எப்படி நடக்குது?

முதலில் ஒரு பட்டியல் எப்படி உருவாகிறது எண்டு பார்ப்பம். அமெரிக்காவின் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை 2003இல் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த அல்பங்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. முதலாம் இடம் பீற்றில்ஸின் 'சார்ஜன்ற் பெப்பர்ஸ்'. முதல் ஐந்து இடங்களில் மூன்று பீற்றில்ஸுக்கு, மற்ற இரண்டும் பீச் போய்ஸுக்கும் பொப் டிலனுக்கும். அந்த ஐந்து அல்பங்களும் 1965க்கும் 1967க்கும் இடைப்பட்ட மூன்றே வருசத்தில் வந்தவை. ஐந்தும் வெள்ளை இன ஆண்களின் இசை. எல்லாக் காலத்துக்கும் எண்டு தலைப்புப் போட்டுவிட்டு, ஒரு தலைமுறையின் இருபது வயதைத்தான் மேலே வைத்திருந்தார்கள்.

2020இல் அதே சஞ்சிகை புதிதாக வாக்கெடுத்தது. கலைஞர்கள், தயாரிப்பாளர்கள், விமர்சகர்கள் என்று 300 பேருக்கு மேலே. இந்த முறை கேட்கப்பட்டவர்கள் வேறை ஆக்கள். வயதும் நிறமும் பாலும் முந்தியதைவிடக் கலந்திருந்தன. முதலாம் இடம் மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஓன்' (1971). 2003இல் 30ஆம் இடத்தில் இருந்த ஜோனி மிச்சலின் 'புளூ' மூன்றாம் இடத்துக்கு வந்தது. 300க்கும் கீழே கிடந்த லோறின் ஹில்லின் 1998ஆம் ஆண்டு அல்பம் பத்தாம் இடத்துக்கு ஏறியது. 'சார்ஜன்ற் பெப்பர்ஸ்' 24க்கு இறங்கியது.

இந்தப் பதினேழு வருசத்தில் அந்த அல்பங்களில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறினது கேள்வி கேட்கப்பட்ட ஆக்கள்.

இன்னொரு உதாரணம். 'பிச்ஃபோர்க்' என்ற இசைத் தளம் 2012இல் வாசகர்களிடம் வாக்கெடுத்தது. 1996 தொடக்கம் 2011 வரைக்குமான அல்பங்கள். முதல் இரண்டு இடமும் றேடியோஹெட் குழுவுக்கு. வாக்களித்தவர்களில் 88 வீதம் ஆண்கள். இந்த எண்ணைத் தெரிஞ்சுகொண்டு பட்டியலைப் பார்த்தால் அது வேறை பட்டியலாகத் தெரியும். 2017இல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர், பெண்கள் செய்த 150 சிறந்த அல்பங்கள் என்று தனியாகவே ஒரு வரிசையை வெளியிட்டது. அதில் முதலாவது 'புளூ'. மூன்று வருசத்துக்குப் பிறகு அதே அல்பம் றோலிங் ஸ்ரோனில் மூன்றாவது. ஒன்றால்தான் மற்றது நடந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் யாரோ எழும்பி நின்று "உங்கட வரிசை பிழை, எங்கட வரிசை இது, காரணம் இது" எண்டு சொன்ன பிறகுதான் பழைய வரிசைகள் அசையத் தொடங்கும்.

கணக்கு முறையும் ஒரு அரசியல்தான். நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகை ஒரு காலத்தில் வருசா வருசம் விமர்சகர்களிடம் வாக்கெடுத்தது. அதில் ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி. பத்து அல்பத்துக்குப் பிரித்துக் குடுக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஆகக் குறைந்தது 5, ஆகக் கூடினது 30. அதாவது "எனக்கு இது உயிர்" என்பதையும் "இதுவும் பரவாயில்லை" என்பதையும் எண்ணிலேயே பிரித்துக் காட்டலாம். வெறும் ஒன்று, இரண்டு, மூன்று எண்டு வரிசைப்படுத்தினால் அந்த இடைவெளி காணாமல் போகும். நாலு பேருக்கு உயிரான ஒரு அல்பம் மேலேயா, நாற்பது பேருக்குப் பரவாயில்லையான அல்பம் மேலேயா? இந்தக் கேள்விக்கு இசை பதில் சொல்லாது. எண்ணுகிற முறைதான் பதில் சொல்லும்.

கடைசியில் வருகிற அந்த 500ஐ அந்த வரிசையிலேயே விரும்புகிற ஒரு மனிசர்கூட உலகத்தில் இல்லை. பொது ரசனை எண்டு எங்களுக்குக் காட்டப்படுவது எவருடைய ரசனையும் இல்லாத ஒரு சராசரி.

எங்கட வாக்கு

இதில் எங்களுக்கும் ஒரு கதை இருக்கு. 2002ஆம் ஆண்டு பி.பி.சி. உலக சேவை தன் 70ஆவது ஆண்டை ஒட்டி, உலகின் முதல் பத்துப் பாடல்கள் எண்டு நேயர்களிடம் வாக்கெடுத்தது. அல்பம் இல்லை, தனிப் பாட்டு. ஆனாலும் விசயம் ஒன்றுதான்.

முதலாவது, அயர்லாந்தின் தேசியப் பாட்டு ஒன்று, வுல்ஃப் ரோன்ஸ் பாடினது. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது இளையராஜாவின் 'ராக்கம்மா கையைத் தட்டு'. ஐந்தாவது, திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. எங்கட சனத்தின் இடப்பெயர்வைப் பாடின பாட்டு. பத்தாவது இடத்தில் குயீன் குழுவின் 'பொஹீமியன் றப்சொடி'.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் அண்டைக்குக் கனபேர் சந்தோசப்பட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிச்சு வளர்ந்த இசை ரசிகர் ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் சிரிக்கக்கூடும். "இது இசை வாக்கெடுப்பு இல்லை, கொடி பிடிக்கிற போட்டி" எண்டு சொல்லக்கூடும். முதல் மூன்றையும் பார்த்தால் அவர் சொல்லுறதில் உண்மை இருக்கு. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். 2003இல் 1965 தொடக்கம் 1967 வரைக்கும் வந்த ஐந்து அல்பங்களை மேலே தூக்கிப் பிடித்தது மட்டும் எந்தக் கொடியும் இல்லாத இசையா? ஒரு பட்டியலில் கொடி தெரியுது. மற்றதில் கொடி சுவரின் நிறத்திலேயே இருக்கிறபடியால் தெரியேல்லை.

அதுக்காக, 'பூவும் நடக்குது' உலகின் ஐந்தாவது சிறந்த பாட்டு எண்டு நான் வாதாட மாட்டன். வாக்குப் போட்ட ஆக்களும் அப்படி யோசிச்சிருக்கமாட்டினம். ஊரில் நடந்ததை உலகம் கேட்க வேணும் எண்டதுக்கு அவையளுக்குக் கிடைச்ச ஒரு சின்ன வாசல் அது. பட்டியலை மனிசர் இதுக்கெல்லாம் பாவிக்கினம். அதைக் குறையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாவிக்கிறம் எண்டு தெரிஞ்சு பாவிச்சால் போதும்.

அல்பம் எண்டால் என்ன?

'சிறந்த அல்பம்' எண்டு கேட்கிறபோதே ஒரு தெரிவு முடிஞ்சுபோகுது. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிசம்தான் கொள்ளும். நீளமான இசை எண்டால் பல தட்டுகளைப் படப் புத்தகம் மாதிரி ஒரு கட்டாக்கி விற்பார்கள். அல்பம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீள்தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிசத்துக்கு மேலே பதியலாம். அதுக்குப் பிறகு அந்த நாற்பது நிமிசமே ஒரு கலை வடிவமானது.

எங்களுக்கு அப்படி இல்லை. எங்கட பெரும்பாலான இசை படப் பாட்டாக வந்தது. கசெற்றின் ஒரு பக்கத்தில் ஒரு படம், மறுபக்கத்தில் இன்னொரு படம். அதைவிட முக்கியம், பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற கடைகள். கொப்பித் தாளில் பாட்டு வரிசையை எழுதி, வெறும் கசெற்றையும் காசையும் குடுத்துவிட்டு வருவம். 90 நிமிசக் கசெற் எண்டால் பதினெட்டு, இருபது பாட்டு. எதை விடுறது, எது முதல் வாறது, பக்கம் முடியேக்கை பாட்டு அறுந்துபோகாமல் எப்படிப் பார்க்கிறது எண்டு யோசிச்சு எழுதின அந்தத் தாள்தான் எங்கட அல்பம். அதைச் செய்தவர் கேட்கிறவர், பாடகர் இல்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட சனத்துக்கு, எந்தப் பாட்டுக்காகக் கை வலிக்கச் சுத்தலாம் எண்டது உண்மையான தரவரிசை. இப்படியான பட்டியல்கள் எந்தச் சஞ்சிகையிலும் வரேல்லை. வராததாலை அவை இல்லையெண்டு ஆகாது.

ரசனை எங்கேயிருந்து வருது?

இதில் இடதுசாரிகள் வழக்கமாகப் போகிற இடம் பியர் பூர்தியு. 1979இல் வந்த 'வேறுபாடு' என்ற நூல். பிரான்சில் 1960களில் நடத்திய கணக்கெடுப்பில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ஆக்களிடம் கேட்டிருந்தார். பாஹின் பியானோ நூலை உயர்வர்க்கத்தில் படிச்ச பகுதியினர் தெரிந்தெடுத்தார்கள். கேர்ஷ்வினின் 'றப்சொடி இன் புளூ' நடுத்தட்டுக்குப் பிடித்தது. ஸ்ட்ராவுஸின் 'நீல டான்யூப்' உழைக்கும் மக்களிடம் அதிகம் விரும்பப்பட்டது. பூர்தியு சொன்னது: ரசனை மற்றவற்றை வகைப்படுத்தும்போது, ரசிக்கிறவரையும் வகைப்படுத்திவிடும்.

இதை எங்கட வீட்டுக்குக் கொண்டுவந்தால் வர்க்கத்தோடு சாதியும் சேரும். பிள்ளைக்கு மிருதங்கம் பழக்கலாம், அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுக்கலாம். பறை எண்டால் அந்த வீட்டிலேயே முகம் சுருங்கும். கேட்டால் "சத்தம் ஒத்துக்கொள்ளாது, அது என்ரை விருப்பம்" எண்டு சொல்லுவினம். இரண்டும் தோல் வாத்தியம்தான். மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் போகுது. அந்தத் தோலைப் பதப்படுத்தி வாத்தியம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதினார். வெளியீட்டுக்கு மண்டபம் தர ஒப்புக்கொண்ட சென்னை கலாசேத்திரா பிறகு அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. வாசிக்கிறவருக்கு மேடை, செய்கிறவருக்குப் பெயர்கூட இல்லை. இந்த வரிசையை எவரும் சஞ்சிகையில் அச்சடிக்கேல்லை. ஆனால் எங்கட காதுக்குள்ளே அது அச்சாகி இருக்கு. "அது என்ரை விருப்பம்" எண்ட வசனம் சில நேரம் ஆயிரம் வருசத்து வரிசையைத் தன் பெயரில் ஒப்புவிக்கிறது.

கூட்டமும் ரசனையைச் செய்யும். 2006இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் சல்கானிக், டொட்ஸ், வட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பெரிதாகத் தெரியாத குழுக்களின் 48 பாட்டு. கேட்ட ஆக்கள் 14,341 பேர். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, தங்கட உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கியிருக்கினம் எண்ட எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டு உலகத்திலும் எட்டு வரிசை வந்தது. தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஒரு உலகத்தில் முதலாவது, இன்னொன்றில் 40ஆவது.

ஆனால் அந்த ஆய்வின் மற்றப் பாதியையும் சொல்ல வேணும். தனியாகக் கேட்டவர்கள் ஆக நல்லது எண்ட பாட்டுகள் எந்த உலகத்திலும் அநேகமாகத் தோற்கவில்லை. ஆக மோசம் எண்டவை அநேகமாக வெல்லவில்லை. அந்த இரண்டு முனைக்கும் நடுவில் எதுவும் நடக்கலாம். எனக்கு இது நியாயமான முடிவாகப் படுகிறது. பாட்டுக்குள்ளே ஏதோ ஒன்று உண்மையாகவே இருக்கு. ஆனால் 12ஆம் இடமா 31ஆம் இடமா எண்டது பெரும்பாலும் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

மேலேயிருந்து வந்த ரசனை

ரசனை சமூகத்தால் உருவாகிறது எண்டால், நல்ல ரசனையை நாங்களே மேலேயிருந்து உருவாக்கிவிடலாமே எண்டு ஒரு யோசனை வரும். அதைச் செய்து பார்த்திருக்கினம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், படப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்குது எண்டு அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். சாஸ்திரிய இசையைக் கூட்டினார். சனம் என்ன செய்தது? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பியது. அதே வருச முடிவில் இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் கருத்தையும் வைத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தின நிகழ்ச்சி. விளம்பரம் குடுத்தது ஒரு பற்பசை. 1957இல் இந்திய அரசு இறங்கிவந்து 'விவித பாரதி'யைத் தொடங்க வேண்டியிருந்தது. அரசு தள்ளி வைச்ச பாட்டை எங்கட தீவின் வானொலியும் ஒரு பற்பசை நிறுவனமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

எங்கட பக்கத்துக் கணக்கும் இருக்கு. 1948 பெப்ரவரியில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, ஷொஸ்டகோவிச், புரோகோஃபியேவ் போன்றவர்களின் இசை மக்களுக்கு விளங்காத வடிவவாதம் எண்டு தீர்மானம் போட்டது. 1958இல் கட்சியே அதைத் திருத்தியது. இடையில் பத்து வருசம். புரோகோஃபியேவ் 1953இல் இறந்துபோனார். "வர்க்க ரசனை" எண்ட சொல்லை நாங்கள் எடுக்கிறபோது, அது ஒரு காலத்தில் ஆய்வுக் கருவியாக இல்லாமல் தடியாகப் பாவிக்கப்பட்டதையும் மறக்கக்கூடாது. பூர்தியு ஒரு கூட்டத்தின் போக்கைச் சொல்லுவார். ஒரே வீட்டில் ஒரே கசெற்றைக் கேட்டு வளர்ந்த அக்காவுக்கும் தம்பிக்கும் ஏன் வேறை வேறை பாட்டு உயிராகிறது எண்டதை அவருடைய அட்டவணை சொல்லாது.

காரணம் சொல்லுதல்

அப்ப என்னதான் செய்யிறது? 1790இல் கான்ற் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். "இந்த வைன் எனக்குப் பிடிக்குது" எண்டு சொன்னால் அதில் வழக்கு இல்லை. "இது அழகாக இருக்கு" எண்டு சொல்லுகிறபோது, மற்றவரும் ஒத்துக்கொள்ள வேணும் எண்டு கேட்கிறோம். நிரூபிக்க முடியாது. ஆனாலும் கேட்கிறோம். பட்டியல் போடுகிறவர் செய்கிறதும் அதுதான். அதனால் அவருக்குக் கடன் ஒன்று இருக்கு: காரணம் சொல்ல வேணும். என்னைப் பொறுத்தவரை மூன்று காரணம். இதை எங்கே, எந்த நிலைமையில் கேட்டன்? அதற்குள்ளே என்ன கேட்குது? அதில் எனக்கு எது சரிவரேல்லை? முதலாவது என்ரை கதை. இரண்டாவதை நீங்களும் கேட்டுச் சோதிக்கலாம். மூன்றாவது நான் பக்தன் இல்லை எண்டதுக்குச் சாட்சி.

என்ரை முதல் மூன்றைச் சொல்லுறன்.

மூன்றாவது, எம்.ஐ.ஏ.யின் 'கலா' (2007). முதல் அல்பத்துக்கு அப்பாவின் பெயர், இதுக்கு அம்மாவின் பெயர். இது வந்த வருசம் நான் இந்த நாட்டில் இரவு வேலை செய்துகொண்டிருந்தன். அமெரிக்க விசா சிக்கலால் பல நாடுகளில் பதிய வேண்டி வந்த அல்பம். உறுமி கேட்குது, 'தளபதி' படத்தின் ஒரு துண்டு கேட்குது, ஆனால் எதுவும் அலங்காரத்துக்கு வைச்ச மாதிரி இல்லை. அடியாக வந்து விழுகுது. சரிவராதது: போராட்டம் சில இடத்தில் உடுப்பாக மட்டும் நிக்குது.

இரண்டாவது, 'வட்ஸ் கோயிங் ஓன்'. வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்த தம்பியின் அனுபவமும், பேர்க்லியில் பொலிசார் இளைஞர்களை அடித்ததைப் பார்த்த ஒரு சகபாடகரின் கேள்வியும் இதன் விதை. மோட்டவுன் நிறுவனத் தலைவருக்கு முதலில் பிடிக்கவில்லை. கேட்டுப் பாருங்கோ: மார்வின் கேயின் குரலே இரண்டாகி ஒன்றுக்குமேல் ஒன்று ஓடும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லை. கடைசிப் பாட்டின் முடிவில் முதல் பாட்டு திரும்ப வரும். கோபமான விசயத்தைக் கோபமில்லாத குரலில் முப்பத்தைந்து நிமிசம் பிடிச்சு வைக்கிறார். சரிவராதது: அரசியல் கேள்விக்கு அவர் பக்தியில் பதில் தேடுகிற இடங்கள்.

முதலாவது, இளையராஜாவின் 'ஹவ் ரு நேம் இற்?' (1986). அரசியல் எண்டு பார்த்தால் இரண்டாவதுதான் மேலே வர வேணும் எண்டு நீங்கள் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ளேல்லை. பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடின அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போன ஒருவர், தியாகராஜருக்கும் பாஹுக்கும் ஒரு அல்பத்தைச் சமர்ப்பிக்கிறார். அதில் ஒரு உருப்படியின் பெயர், பாஹை என் வீட்டில் சந்தித்தேன் என்பது. 'என் வீட்டில்' எண்ட சொல்லைக் கவனியுங்கோ. பாஹின் வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் பாஹின் மெட்டைத் தொடங்க, பக்கத்தில் வேறொரு இசை வந்து குந்துகிறது. ஒருவர் மற்றவருக்கு எழும்பி இடம் விடவில்லை. சமத்துவம் எண்டதை ஒரு சொல்லும் பாடாமல் கேட்கச் செய்த அல்பம் எனக்கு இதுதான். சரிவராதது: சில இடத்தில் தாளக் கருவியின் சத்தம் அந்தக் காலத்தோடேயே நிண்டுபோச்சு.

இந்த வரிசையை நீங்கள் உடைக்கலாம். உடைக்கிறதுக்குத்தான் காரணம் சொன்னனான்.

பிடிக்காததுக்கும் காரணம் தேட வேணும். எங்கட ரொறன்ரோவில் இருக்கிற விமர்சகர் கார்ல் வில்சன் 2007இல் செலின் டியோனின் ஒரு அல்பத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தனக்கு ஏன் அவரைப் பிடிக்காது எண்டதை ஆராயிற புத்தகம். லாஸ் வேகாஸுக்குப் போய் நிகழ்ச்சி பார்த்தார். ரசிகர்களோடு கதைச்சார். முடிவில் அவர் டியோன் பக்தராகவில்லை. ஆனால் தன்ரை இளக்காரத்தில் எவ்வளவு இசை, எவ்வளவு அந்தஸ்து எண்டு பிரிச்சுப் பார்த்தார். எங்கட பிள்ளையள் கேட்கிற ட்ரில்லையும் கானாவையும் பற்றி வாய் திறக்க முதல் நாங்களும் இதைச் செய்யலாம்.

இப்ப ஆர் வரிசைப்படுத்தினம்?

தொடக்கத்தில் சொன்னதுக்கு வாறன். நாங்கள் "அவரவர் விருப்பம்" எண்டு விட்ட இடத்தில் இப்ப இருக்கிறது ஸ்பொற்றிஃபை மாதிரியான நிறுவனங்களின் கணக்கு. வருச முடிவில் அது உங்களுக்கே உங்கட முதல் ஐந்தைச் சொல்லும். அது எண்ணுவது எத்தனை தரம் ஓடினது எண்டதை மட்டும்தான். பிள்ளையை நித்திரையாக்கப் போட்ட பாட்டு முதலாவதாக வரும். செத்துப்போன ஆளை நினைச்சு வருசத்தில் ஒருக்கால் மட்டும் கேட்கிற பாட்டு அதில் வரவே வராது. மனிசருக்கு ஆக அருமையான பாட்டு ஆகக் கூடக் கேட்ட பாட்டாக இருக்க வேணும் எண்டில்லை. சிலதை அடிக்கடி கேட்க மனம் தாங்காது.

இந்த வரிசை கூலியையும் தீர்மானிக்குது. 2024இலிருந்து ஸ்பொற்றிஃபையில் முந்தின பன்னிரண்டு மாதத்தில் 1,000 தரம் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகை இல்லை. மட்டக்களப்பில் ஒரு பிள்ளை அறைக்குள்ளே பதிஞ்சு ஏற்றின பாட்டை 900 தரம் சனம் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு ஒரு சதமும் போகாது. அந்தக் காசு மேலே உள்ளவர்களின் பங்கோடு சேரும். 2003இல் 271 பேரின் வாக்கு எண்டு ஒரு சஞ்சிகை பெயரோடு சொன்னது. இப்ப வரிசைப்படுத்துகிறதுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, காரணம் இல்லை. காரணம் சொல்லாத வரிசையோடு வாதாட ஏலாது.

அதனால் ஒரு வேலைத்திட்டம் சொல்லி முடிக்கிறன். அடுத்த மாதச் சந்திப்புக்கு முதல் ஒவ்வொருவரும் ஐந்து அல்பம் எழுதி அனுப்புங்கோ. படக் கசெற்றும் சரி, கடையில் பதிஞ்ச கசெற்றும் சரி. வரிசைப்படுத்தித்தான் அனுப்ப வேணும்; "எல்லாம் சமம்" எண்டு தப்பேலாது. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன மூன்று காரணம், கீழே உங்கட பெயர். ஐந்தில் ஒன்று உங்கட வீட்டில் வேறை வயது ஆள் ஒருவர் தெரிவு செய்ததாக இருக்கட்டும். அதை முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கோ. இன்னொன்று இன்னும் 1,000ஐத் தொடாத ஆரோ ஒருவருடையதாக இருக்கட்டும். அதைக் காசு குடுத்து வாங்குங்கோ. எல்லாவற்றையும் கூட்டிப் பொதுப் பட்டியல் ஒன்று செய்ய மாட்டம். உங்கட பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைச்சு, ஒத்துவராத இடங்களைப் பற்றி மட்டும் கதைப்பம்.

இப்ப கேள்விகளை எடுப்பம். 'ஹவ் ரு நேம் இற்?' எப்படி முதலாவது எண்டு கேட்க இரண்டு, மூன்று கை ஏற்கெனவே உயர்ந்திட்டுது. நல்லது.